வீரர் தரமும் விலையும்

கொழும்புத்துறைக் கரையிலே மீன் கூறி விற்கப்படுங்கால், மீன்பாடு மிகுந்த நாளில் விலை தாழும். குறைந்த நாளில் உயரும். மீனின் சுவையோ மாறுவதில்லை. தரம் வேறு, விலை வேறு என்னும் இவ்வுண்மை விளையாட்டு வீரர்க்கும் பொருந்துவதாகும்.

கணினிவழி ஆடப்படும் கூடைப்பந்து முகாமை விளையாட்டுக்கள் சிலவற்றில் இவ்விரண்டும் சூத்திரத்தாற் பிணைக்கப்பட்டுள்ளன. எறிதல், தடுத்தல், பந்து கடத்தல் முதலாய திறன் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. அவ்வெண்களிலிருந்தே ஊதியம் கணிக்கப்படும். மெய்யான ஆடுகளத்திலோ திறனை நேரே காண்டல் அரிது. அதன் விளைவுகளையே எண்ணலாம். ஊதியத்தை உறுதிசெய்வன தேவையும் போட்டியும் விதிகளுமாம்.

2008ஆம் ஆண்டு இந்தியப் பிரிமியர் லீக் ஏலத்தில் அணியொன்றின் செலவெல்லை 50 இலட்சம் டொலர். அதிற் பத்தில் மூன்று பங்கான 15 இலட்சத்தைத் தோனிக்கென்றே சென்னை அணி ஈந்தது. டெஸ்ட் ஆட்டங்களில் உலகிலேயே மிகுதியான விக்கெட்டுக்களை அதற்கு முன்னரே வீழ்த்தியிருந்த முரளிதரனை அவ்வணி 6 இலட்சத்துக்குப் பெற்றது. இதனால் முரளிதரனின் தரம் ஐந்தில் இரண்டு பங்கெனக் கொள்வார் எவருமிலர்.

வனிந்து ஹசரங்கவை 2022இல் பெங்களூர் அணி 10.75 கோடி இந்திய ரூபாவுக்கு ஏற்றது. அவ்வாண்டு அவர் 26 விக்கெட்டுக்களை வீழ்த்தினார். 2023 டிசம்பர் ஏலத்தில் ஐதராபாத்து அணிக்கு அவர் கிடைத்த விலையோ 1.5 கோடி. களமிறங்கும் பதினொருவருள் வெளிநாட்டார் நால்வருக்கு மேற்படாமையின், அவர்க்குரிய இடங்கள் அரியவை.

அவர் காயமுற்றமையால், யாழ். மத்திய கல்லூரியின் பழைய மாணவர் விஜயகாந்த் வியாஸ்காந்த் 50 இலட்சம் ரூபாவுக்குச் சேர்க்கப்பட்டார். 2024 மே 8இல் இலக்னோ அணிக்கெதிராக அவர் நான்கு ஓவர்களில் 27 ஓட்டங்களையே கொடுத்தார், ஓவருக்கு 6.75. ஏனைய 16 ஓவர்களில் 138 ஓட்டங்கள் பெறப்பட்டன. ஓவருக்கு ஏறத்தாழ 8.6. விக்கெட் வீழ்த்தாமை மட்டும் நோக்குவார்க்கு இவ்வேறுபாடு புலப்படாது. எனினும் ஓராட்டங்கொண்டு தரத்தை அறுதியிடுதலும் பொருந்தாது. பல ஆட்டங்களின் தொகையே சான்றாகும்.

ஏலத்தில் எவரும் கேளாத இளைஞரைத் திறனற்றவரெனத் தள்ளுதல், பாடு மிகுந்த நாளின் மீனைச் சுவையற்றதெனல் போலும். பயிற்றுநரும் பெற்றோரும் விலையை விடுத்து ஆட்டத்தை எண்ணிப் பார்ப்பாராயின், நம் ஊர் இளைஞர் பலர் களத்தை விட்டகலாது நிலைபெறுவர்.