மலை ஏறும் ரயில்

பழனி முருகன் கோயில் மலையின் மேல் இருக்கிறது. மலையின் உயரம் சுமார் 450 அடி. மேலே போக ஏறத்தாழ 700 படிகள் ஏற வேண்டும். யானைப் பாதையும் உண்டு.

காலில் வலு உள்ளவர்கள் ஏறிவிடுவார்கள். மூட்டுவலி உள்ள பாட்டி என்ன செய்வார்? நடக்க முடியாதவர்கள் என்ன செய்வார்கள்? முன்பெல்லாம் அவர்களை யாராவது தூக்கிச் செல்ல வேண்டும். இல்லாவிட்டால் அடிவாரத்தில் நின்றே கும்பிட்டுத் திரும்ப வேண்டும்.

1966-ஆம் ஆண்டில் இதற்கு ஒரு வழி பிறந்தது. மலைச் சரிவில் தண்டவாளம் போட்டார்கள். அதில் ஒரு ரயில் ஏறத் தொடங்கியது. இதற்கு மின் இழுவை ரயில் என்று பெயர். மக்கள் இதை 'விஞ்ச்' என்று சொல்கிறார்கள். சில நிமிடங்களில் மலை உச்சிக்குப் போய்விடலாம். கூட்டம் பெருகியது. பிறகு மேலும் இரண்டு பாதைகள் போட்டார்கள். இப்போது மூன்று பாதைகள் உள்ளன.

எப்படி ஏறுகிறது?

சாதாரண ரயிலை எஞ்சின் இழுக்கிறது. சக்கரமும் இரும்பு. தண்டவாளமும் இரும்பு. செங்குத்தான சரிவில் சக்கரம் வழுக்கிவிடும். ஆகவே, மலை ரயிலைக் கயிறு கட்டி இழுக்கிறார்கள்.

கிணற்றில் வாளியை எப்படி இழுக்கிறோம்? கயிறு மேலே வரும். வாளியும் கூடவே வரும். விஞ்சும் அப்படித்தான். இங்கே கயிறு எஃகுக் கம்பிகளால் முறுக்கியது. பெரிய உருளை ஒன்று அதை இழுக்கிறது. மின்சார மோட்டார் உருளையைச் சுற்றுகிறது. பெட்டியின் தளம் படிப்படியாக இருக்கும். அதனால் சரிவிலும் நேராக உட்காரலாம்.

உலகில் பல ஊர்களில் ஒரே கயிற்றில் இரண்டு பெட்டிகளைக் கட்டுகிறார்கள். ஒன்று இறங்கும்போது மற்றது ஏறும். இறங்கும் பெட்டியின் எடை, ஏறும் பெட்டியை இழுக்க உதவும். தராசின் இரண்டு தட்டுகளைப் போல. இதனால் மோட்டாருக்கு வேலை குறைகிறது.

உழைப்பாளிகளுக்கு உதவிய ரயில்

இந்த ரயில் கோயிலுக்கு மட்டும் உரியது அல்ல. பிரான்ஸ் நாட்டில் லியோன் என்ற நகரம் இருக்கிறது. அது பட்டு நெசவுக்குப் பேர் போன ஊர். நெசவாளர்கள் ஒரு மலைமேல் வாழ்ந்தார்கள். கடைவீதி கீழே இருந்தது. 1862-ஆம் ஆண்டில் அங்கே கயிற்று ரயில் வந்தது. அந்த நாளில் நீராவி இயந்திரம் கயிற்றை இழுத்தது.

நீலகிரியிலும் விஞ்ச் உண்டு. பைக்காரா மின் திட்டத்துக்காக அதைப் போட்டார்கள். மலைமேல் உள்ளது கிளன்மார்கன். மின் நிலையம் கீழே சிங்காராவில் உள்ளது. தொழிலாளர்களும் பொருள்களும் விஞ்சில் போய் வந்தார்கள். பைக்காரா மின்சாரம் 1932-ஆம் ஆண்டில் கிடைத்தது. அந்த மின்சாரத்தால் கோவையில் பஞ்சாலைகள் பெருகின. ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை கிடைத்தது.

கயிறுதான் உயிர்

கயிறு தேய்ந்தால் ஆபத்து. ஆகவே, கயிற்றையும் பிரேக்கையும் சக்கரங்களையும் தவறாமல் சோதிக்க வேண்டும். அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றக் கூடாது.

பழனியில் 2004-ஆம் ஆண்டில் ரோப் காரும் வந்தது. அதற்குத் தண்டவாளம் இல்லை. பெட்டிகள் கயிற்றில் தொங்கியபடி செல்லும். 2007-ஆம் ஆண்டில் அதில் விபத்து நேர்ந்தது. பக்தர்கள் சிலர் உயிர் இழந்தார்கள்.

"இன்று விஞ்ச் ஓடாது. பராமரிப்பு வேலை நடக்கிறது." சில நாட்களில் இப்படிப் பலகை வைத்திருப்பார்கள். தூரத்திலிருந்து வந்தவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். சிலர் கோபப்படுவார்கள். ஆனால், அந்த நாளில்தான் கயிற்றைப் பார்க்கிறார்கள். பழுதைச் சரி செய்கிறார்கள். ஒரு நாள் நிற்பது பல உயிர்களைக் காக்கும்.