பூண்டுக்கும் இடம் வேண்டும்!



அம்மா ரசத்துக்குப் பூண்டு உரிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? சில பூண்டில் ஒவ்வொரு பல்லும் கட்டைவிரல் நுனி அளவு இருக்கும். சிலவற்றில் வேர்க்கடலை அளவுதான். உரித்து உரித்து விரல் எரியும். ஏன் இந்த வித்தியாசம்? ரகம் ஒரு காரணம். இன்னும் இரண்டு காரணங்கள் உழவர் கையில் இருக்கின்றன. ஒன்று இடைவெளி, மற்றொன்று உரம்.

நாட்டிலேயே அதிகமாகப் பூண்டு விளைவது மத்தியப் பிரதேசத்தில். நம் மாநிலத்தில் நீலகிரியிலும், கொடைக்கானல் மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர் போன்ற ஊர்களிலும் விளைகிறது. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த மண்ணுக்கே உரிய பொருள் என்பதற்கான சான்று அது.

பூண்டை விதை தூவி வளர்ப்பதில்லை, பல்லையே நடுகிறார்கள். இப்போது ஒரு கணக்கு. ஒரு சதுர மீட்டர் பாத்தியில் 10 செ.மீ.க்கு 10 செ.மீ. இடைவெளி விட்டால் 100 பல் நடலாம். 20 செ.மீ.க்கு 10 செ.மீ. என்றால் 50 தான். அப்படியானால் 100 நட்டவருக்கு இரட்டிப்பு விளைச்சலா? அதுதான் இல்லை! நெருக்கி நட்டால் மொத்த எடை ஓரளவு கூடும். ஆனால் வெளிச்சம், தண்ணீர், சத்து எல்லாவற்றுக்கும் போட்டி வருவதால் ஒவ்வொரு பூண்டும் சிறுத்துவிடும். சந்தையில் பெரிய பூண்டுக்குத்தான் நல்ல விலை. நடுவதற்கான பல்லும் இரண்டு மடங்கு வேண்டுமே, அதுவும் காசுதானே! அதற்காக மிகவும் தள்ளி நட்டால், பூண்டு பெருக்கும்; எண்ணிக்கை குறையும், நடுவே களை மண்டும்.

அடுத்தது உரம். நைட்ரஜனைத் தமிழில் தழைச்சத்து என்கிறோம். பெயரிலேயே வேலை இருக்கிறது, பாருங்கள். தழைதான் வெயிலில் உணவு சமைத்துக் கீழே உள்ள பூண்டுக்கு அனுப்புகிறது. எனவே முதலில் தழை நன்றாக வளர வேண்டும். நடும்போது அடியுரமாகக் கொஞ்சம், சுமார் 45 நாள் கழித்து மேலுரமாகக் கொஞ்சம் தழைச்சத்து கொடுப்பது வழக்கம். அதற்குப் பிறகும் அள்ளி அள்ளிப் போட்டால் செடி தழைத்துக்கொண்டே இருக்கும். பூண்டு திரள்வது தள்ளிப்போகும். கழுத்து தடித்துச் சரியாகக் காயாமல், சேமிப்பில் அழுகும். செடி எடுத்துக்கொள்ளாத உரம் மழையில் கரைந்து மலைச்சரிவின் ஓடைக்குப் போய்விடும்.

நானும் ஒருமுறை சேக்காட்டில் எங்கள் வீட்டு மாடித் தொட்டியில் 20 பல்லை நெருக்கமாக நட்டு, யூரியாவும் போட்டேன். தழை பச்சைப் பசேலென்று வந்தது. ஆசையாகத் தோண்டினால், வெறும் தண்டு! யூரியாவை மட்டும் குறை சொல்ல முடியாது. பூண்டு திரள்வதற்கு முன் சில வாரம் நல்ல குளிர் வேண்டும். ஆவடிப் பக்கத்து வெயிலில் அதற்கு எங்கே போவது? தழையைத் துவையல் அரைத்துச் சாப்பிட்டோம்.

நீங்களும் மார்கழியில் ஒரே அளவுள்ள இரண்டு தொட்டிகளில் நட்டுப் பாருங்கள். ஒன்றில் 4 பல், மற்றொன்றில் 16. உரம் வேண்டாம். ஒரு மாதம் கழித்து ஒவ்வொரு தண்டையும் நூலால் சுற்றி அளந்து நோட்டில் எழுதுங்கள். 16 பல் தொட்டியில் நடுவில் இருக்கும் செடியும் ஓரத்தில் இருக்கும் செடியும் ஒரே பருமனா என்பதையும் மறக்காமல் பாருங்கள்.