மண் வாசனை: வாங்குமுன் அறியத்தக்கவை

கரிசல் நாட்டுச் சம்சாரிகளும் நெசவாளர்களும் படிக்கும் ஏட்டில் அத்தரைப் பற்றி எழுதப் புகுந்தால், "கஞ்சிக்கே வழி தேடும் ஊரில் கஸ்தூரியைப் பற்றிய பேச்சா?" என்று அங்கத்தினர்கள் நகைக்கக்கூடும். ஆயினும், ஒரு வாசனைக்காக ஆண்டுதோறும் ஆவணி, புரட்டாசியில் வானத்தை அண்ணாந்து பார்த்திருப்பவர்கள் நம்மவர்களே அல்லவா? கோடையில் வெடித்துப் பாளம் பாளமாகக் கிடக்கும் கரிசலின்மேல் முதல் மழைத்துளி பட்டவுடன் எழும் மண் வாசனையே அது. அவ்வாசனை வந்தால் விதைப்பு உண்டு. வராவிடில் கடன் உண்டு.

இந்த மண் வாசனையைக் குப்பியில் அடைத்து விற்கும் ஊர் ஒன்று நம் நாட்டில் இருக்கிறது. உத்தரப் பிரதேசத்திலுள்ள கன்னோஜ் நகரமே அது. 2020-ஆம் ஆண்டில் நம் கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்குக் கிடைத்த புவிசார் குறியீடு, கன்னோஜ் வாசனைத் திரவியத்துக்கும் உண்டு. அங்கே 'மிட்டி அத்தர்' வடிக்கும் முறை நாம் அறிந்துகொள்ளத் தக்கது. காய்ந்த களிமண்ணை வில்லைகளாக்கிச் சூளையில் சுடுகிறார்கள். சுட்ட வில்லைகளைப் பெரிய செப்பு அண்டாவிலிட்டு, நீர் ஊற்றி, மூடியின் விளிம்பை மண்ணால் பூசி அடைத்து, கீழே தீ மூட்டுகிறார்கள். எழும் ஆவி மூங்கில் குழாய் வழியே சென்று, குளிர்ந்த நீர்த்தொட்டியில் அமர்ந்திருக்கும் செப்புக் குடத்தை அடைகிறது. குடத்தில் காத்திருக்கும் சந்தன எண்ணெய் அவ்வாசனையைத் தன்பால் ஏற்றுக்கொள்ளுகிறது. பின்னர் நீரை வடித்துவிட்டு, எஞ்சிய ஈரம் கசிந்து உலரும்படி எண்ணெயைத் தோற்பையில் வைக்கிறார்கள். அத்தோற்பைக்கு அவ்வூரார் இட்ட பெயரும் 'குப்பி' என்பதேயாம்.

இவ்வாசனையின் காரணத்தை விஞ்ஞானிகள் ஆராய்ந்தது பிற்காலத்தில்தான். 1964-இல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த இசபெல் ஜாய் பேர், ரிச்சர்டு தாமஸ் என்னும் இருவர் 'நேச்சர்' இதழில் இதற்குப் 'பெட்ரிகோர்' என்று பெயர் சூட்டினர். வறண்ட காலத்தில் மண்ணும் கல்லும் ஈர்த்து வைத்திருக்கும் எண்ணெய்ப் பொருள்கள் ஈரம் பட்டதும் வெளிப்படுகின்றன என்பது அவர்கள் கண்ட முடிவு. மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் போன்ற நுண்ணுயிர்கள் உண்டாக்கும் 'ஜியோஸ்மின்' என்ற பொருளும் இவ்வாசனைக்கு ஒரு காரணம். அதற்கு 1965-இல் அப்பெயர் இடப்பட்டது. மனித மூக்கு அதனை மிக மிகச் சிறிய அளவிலும் உணர்ந்துவிடும்.

இனி, நமது அனுபவத்தைச் சொல்லுவோம். முதலில், வழியில் கண்ட ஒரு வியாபாரியின் பேச்சை நம்பி, மலிவான விலையில் 'மண் அத்தர்' ஒன்று வாங்கினோம். திறந்த மாத்திரத்தில் மணம் மூக்கைத் துளைத்தது; உச்சிப்பொழுதுக்குள் மறைந்தது. மறையாமல் நின்றது வெள்ளை வேட்டியில் பட்ட எண்ணெய்க் கறை ஒன்றுதான்! பின்னர் விசாரித்துக் கால் தோலா, அதாவது ஏறத்தாழ 3 கிராம், தனியே வரவழைத்தோம். அதன் மணம் முதலில் அடக்கமாகவே தோன்றிற்று. உடற்சூட்டில் சிறிது சிறிதாக விரிந்து, மாலைவரை மணிக்கட்டில் தங்கியது. அண்டை வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் கையை நீட்டினோம். அவர் நெடுநேரம் முகர்ந்து பார்த்து, "வாசம் அதேதான் தம்பி; ஆனால் இதை நம்பி விதைக்க முடியாதே!" என்றார். இதற்குமேல் நாம் என்ன விமரிசனம் எழுதுவது?

வாங்க விரும்புவோர் கவனிக்க வேண்டியவை சில உள. ஒரே நேரத்தில் இரண்டு மூன்றுக்கு மேல் முகர்ந்து பார்த்தால் மூக்கு மயங்கிவிடும். மூடியை மோந்து முடிவு கட்டலாகாது. ஒரு துளியை மணிக்கட்டில் இட்டு, வீடு திரும்பி, மாலையில் மறுபடியும் பார்க்க வேண்டும். முதலில் எழும் மணம் வேறு, தங்கும் மணம் வேறு. ஒருவர் உடம்பில் இனிப்பது மற்றொருவர் உடம்பில் இனிக்க வேண்டுமென்பதில்லை. அரிப்போ தடிப்போ தோன்றுகிறதா என்று முழங்கையின் உட்புறத்தில் ஒரு நாள் வைத்துப் பார்த்தல் நலம். அடிப்படை எண்ணெய் யாது என்று கடைக்காரரைத் தவறாமல் கேளுங்கள். சந்தன எண்ணெய் விலையேறியபின் திரவ பாரபின் போன்றவற்றில் கலந்த சரக்கும் மிகுதியாக வருகிறது. அது தன் பெயரில், தன் விலைக்கு விற்கப்படுமாயின் குற்றமில்லை. சந்தனத்தின் விலைக்கு விற்கப்படுவதே மோசம்.

நெசவாளர்களுக்கு ஒரு வார்த்தை: அத்தர் எண்ணெயாதலால் அதனைத் துணியில் தடவலாகாது, பட்டில் படவே கூடாது. சாராயம் கலந்த தெளிப்பு வாசனைகள் எளிதில் தீப்பற்றக் கூடியவை. தீப்பெட்டித் தொழில் நிறைந்த நம் பகுதியில் இதனைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. அவற்றை அடுப்பருகிலோ, மருந்து புழங்கும் இடத்திலோ ஒருபோதும் தெளிக்காதீர்கள்.

விலை கட்டுப்படியாகாதவர்கள் வருந்த வேண்டாம். துணிப்பெட்டியில் இட்ட ஒரு பிடி வெட்டிவேர் பல மாதங்களுக்கு மணம் தரும். கடலூர்க் கடற்கரையின் மணற்பாங்கான நிலங்களில் இது பணப்பயிராகவே விளைகிறது. நம் கரிசலில் வேரைத் தோண்டி எடுப்பது கடினம். ஆனால் வரப்பில் நெருக்கி நட்டால் மழைநீர் மண்ணை அரித்துச் செல்லாமல் அது காக்கும். குப்பியில் வரும் மண் வாசனைக்குக் காசு கொடுக்கலாம். வரப்போடு கரைந்துபோகும் மண்ணை எந்தக் காசு கொடுத்தும் மீட்க இயலாது.

ஆகவே அங்கத்தினர்களே, விருப்பமிருப்பின் ஒரு துளி அணியுங்கள், ஆராய்ந்து வாங்குங்கள். அடுத்த மழையின் முதல் துளி விழும்போது மட்டும் குப்பியை மூடி வைத்துவிட்டு, வாசற்படியில் வந்து நில்லுங்கள். நமக்கு உரிய வாசனை விலையின்றியே அங்கு வந்து சேரும்.