கட்-ஆஃபை யார் முடிவு பண்றாங்க?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்துல உங்க போன் சும்மா இருக்காது. சித்தி பொண்ணு, ஊர்ல பக்கத்து வீட்டுத் தம்பி, பழைய ஸ்கூல் ஜூனியர்னு வரிசையா கூப்பிடுவாங்க. "அண்ணா, எனக்கு 178 கட்-ஆஃப். இ.சி.இ. கிடைக்குமா?" இன்ஜினியரிங் படிக்கிறோம்ங்கிற ஒரே தகுதியில நாமளும் ஏதோ ஒரு பதிலைச் சொல்லிடுவோம். அந்தப் பதிலை நம்பி ஒருத்தர் தன்னோட நாலு வருஷத்தைக் கொடுக்கப் போறாங்க. அதனால பதில் சொல்றதுக்கு முன்னாடி, டி.என்.இ.ஏ. கலந்தாய்வு எப்படி வேலை செய்யுதுன்னு நாம ஒழுங்கா தெரிஞ்சுக்கணும்.

முதல்ல கணக்கு. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, ஆக மொத்தம் 200. அதாவது இயற்பியல்ல ஒரு மார்க் போனா அரை மார்க்தான் நஷ்டம். கணிதத்துல போனா முழுசா ஒண்ணு. கணிதம் 100, மத்த ரெண்டும் 90 வாங்கினவருக்கு 190. கணிதம் 80, மத்த ரெண்டும் 100 வாங்கினவருக்கு 180. ரெண்டு பேருக்கும் மூணு பாடத்துல மொத்தம் 280தான்! தமிழ்ல சதம் அடிச்சாலும் கட்-ஆஃப் அசையாது. தமிழ் இதழ் நடத்துற நமக்கு இதுல கொஞ்சம் வருத்தம்தான்.

ஒரே கட்-ஆஃப்ல பல பேர் நிப்பாங்க. அப்போ முதல்ல கணித மார்க், அப்புறம் இயற்பியல், அப்புறம் நாலாவது பாடம்னு பார்த்துக்கிட்டே போவாங்க. பிறந்த தேதி வரைக்கும் போயும் பிரியலைன்னா கடைசியா ரேண்டம் எண். விண்ணப்பிச்ச ஒவ்வொருத்தருக்கும் கம்ப்யூட்டர் கொடுக்கிற அந்தப் பத்து இலக்க எண்ல யாருக்குப் பெருசோ அவங்க முன்னாடி.

சி.பி.எஸ்.இ. பசங்களுக்கு ஒரு சமன்செய்யும் முறை இருக்கு. ஒரு பாடத்துல மாநில வாரியத்தோட உச்ச மதிப்பெண் 100, இன்னொரு வாரியத்துல உச்சமே 90னா, அந்த 90ஐ 100க்குச் சமமா வெச்சுக்குவாங்க. அங்க 60 வாங்கினவருக்கு 66.66 ஆகும்.

இந்த முறை எப்பவும் இருந்தது இல்ல. 1984ல இருந்து நுழைவுத்தேர்வு இருந்துச்சு. பிளஸ் டூவுக்கு 200, நுழைவுத்தேர்வுக்கு 100னு 300க்குத்தான் கட்-ஆஃப் போட்டாங்க. கோச்சிங் சென்டர் இருந்தது நகரத்துல. கிராமத்துப் பசங்க என்ன பண்ணுவாங்க? இந்தக் கேள்விதான் 2006 சட்டத்துக்கு அடிப்படை. 2007 சேர்க்கையில இருந்து நுழைவுத்தேர்வு இல்ல. நல்ல முடிவுதான். ஆனா பிளஸ் டூ மார்க் மட்டும்தான் கணக்குன்னு ஆனதும், நிறைய தனியார் பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தையே தாண்டிப் போக ஆரம்பிச்சாங்க. அதோட வட்டியை நம்மள்ல பல பேர் முதல் செமஸ்டர் மேத்ஸ் அரியர்ல கட்டியிருக்கோம்.

நுழைவுத்தேர்வு போன பிறகும் பெரிய கல்லூரிகள்ல அரசுப் பள்ளிப் பசங்க குறைவாத்தான் இருந்தாங்க. நீதிபதி முருகேசன் குழு இதைப் பார்த்து அறிக்கை கொடுத்துச்சு, 2021ல 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்துச்சு. ஆறாவதுல இருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில படிச்சவங்களுக்கு இது. படிப்புச் செலவையும் அரசே ஏத்துக்குது. இந்த வழியில வர்றவங்க பொதுக் கலந்தாய்வுலயும் கலந்துக்கலாம்னு பல வீடுகள்ல தெரியறதில்ல.

69 சதவீத இடஒதுக்கீட்டுலயும் ஒரு தப்பான புரிதல் இருக்கு. மீதி 31 சதவீதம் ஓ.சி. பிரிவுக்கு மட்டும்னு நினைக்கிறவங்க நம்ம கிளாஸ்லயே உண்டு. இல்லைங்க. அது எல்லாருக்கும் பொதுவான இடம். நீங்க பி.சி.யோ எஸ்.சி.யோ, உங்க ரேங்குக்குப் பொது இடம் காலியா இருந்தா முதல்ல அதுதான் கிடைக்கும். அது முடிஞ்சிருந்தாதான் உங்க பிரிவு இடத்தைத் தொடும். தரவரிசைப் பட்டியல்ல பொது ரேங்க், சமூக ரேங்க்னு ரெண்டு இருக்கறது இதுக்காகத்தான்.

இப்போ தலைப்புக்கு வருவோம். கிண்டியில இ.சி.இ.க்கு இவ்வளவு கட்-ஆஃப்னு யாரும் உட்கார்ந்து நிர்ணயம் பண்றதில்ல. போன வருஷம் அந்த இடத்துல கடைசியா சேர்ந்தவரோட மார்க், அவ்வளவுதான். வினாத்தாள் சுலபமா இருந்தா அதே 178ல ஆயிரக்கணக்கான பேர் கூடுதலா வந்து நிப்பாங்க. 2021ல கொரோனாவால தேர்வே நடக்கல. பத்தாவதுக்கு 50, பிளஸ் ஒன்னுக்கு 20, பிளஸ் டூ செய்முறைக்கும் உள்மதிப்பீட்டுக்கும் 30 சதவீதம்னு மார்க் போட்டாங்க. அந்த வருஷக் கட்-ஆஃபை வெச்சு அடுத்த வருஷத்துக்கு ஜோசியம் சொன்னா எப்படிப் பலிக்கும்? மார்க்கை விடுங்க, ரேங்கைக் கேளுங்க. போன வருஷம் அந்த ரேங்க்ல, அந்தப் பிரிவுல என்ன கிடைச்சதுன்னு பாருங்க.

அதிகமா சறுக்கறது சாய்ஸ் ஃபில்லிங்லதான். "பெரிய காலேஜை முதல்ல போட்டா, அது கிடைக்காம அடுத்ததும் போயிடும்"னு ஒரு பயம். அதனால பாதுகாப்புக்குன்னு சுமாரான ஒரு காலேஜை முதல்ல போட்டுடுவாங்க. கம்ப்யூட்டர் பண்றது ரொம்ப எளிமை: ரேங்க் வரிசைப்படி ஒவ்வொருத்தரா எடுக்கும், அவங்க பட்டியலை மேல இருந்து பார்த்து, காலியா இருக்கிற முதல் இடத்தைக் கொடுக்கும். உங்க முறை வரும்போது, உங்களுக்குக் கீழ ரேங்க் உள்ளவர் அதே காலேஜை முதல்ல போட்டிருக்காரா, பத்தாவதா போட்டிருக்காரான்னு அதுக்குக் கவலையே இல்ல. அதனால கிடைக்காத ஆசையை மேல போட்டா ஒரு நஷ்டமும் இல்ல. கிடைக்கக் கூடிய ஆசையைக் கீழ போட்டாதான் நஷ்டம். மேல் நோக்கிய நகர்வுக்குக் காத்திருந்தாலும், கிடைச்ச இடத்துக்கு மேல நீங்க போட்ட விருப்பங்களுக்குத்தான் போக முடியும். கீழ போட்டதுக்கு வழியே கிடையாது.

பட்டியல் நீளமாவும் இருக்கணும். பத்து காலேஜ் மட்டும் போட்டு, பத்தும் நிரம்பிட்டா அந்தச் சுற்றுல கையில ஒண்ணும் இருக்காது. எத்தனை போடணும்ங்கிறதுக்கு உச்சவரம்பு கிடையாது.

பிரவுசிங் சென்டர்ல பாஸ்வேர்டைக் கொடுத்துட்டு "நீங்களே போட்டுடுங்கண்ணா"ன்னு வர்ற பழக்கத்தையும் தடுங்க. ஒரு சாயங்காலம் வீடியோ கால்ல நீங்க கூட இருந்தாலே போதும். ஒரே மாதிரி பேர்ல நாலஞ்சு காலேஜ் இருக்கு. லாக் பண்றதுக்கு முன்னாடி பேரை மட்டும் பார்க்காம, கோட் நம்பரையும் ஒரு தடவை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்க.