புயல் அடித்தால் இவர்கள் கடற்கரைக்குக் கிளம்பிவிடுவார்கள்... எதற்குத் தெரியுமா?

'பலத்த காற்று வீசும், கனமழை பெய்யும்' என்று வானிலை அறிக்கை வந்தால் நாம் என்ன செய்வோம்? கொடியில் காயும் துணியை எடுத்துவிட்டு, ஜன்னலைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருப்போம். ஆனால், இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையிலுள்ள கார்ன்வாலில் ஒரு கூட்டம் இந்த அறிவிப்புக்காகவே காத்திருக்கிறது. மழைக்கோட்டு, ஃபிளாஸ்க் நிறைய டீ, ஸ்டாண்டோடு ஒரு டெலஸ்கோப். விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுகிறார்கள்.

எல்லாம் கடற்பறவைகளைப் பார்க்கத்தான்!

புயல் எதற்கு?

ஷியர்வாட்டர், ஸ்டார்ம் பெட்ரல் போன்ற பறவைகள் முட்டையிட மட்டுமே கரைக்கு வரும். மற்ற நாளெல்லாம் நடுக்கடல்தான் வீடு. கரையில் நின்று அவற்றைப் பார்ப்பது கடினம். ஆகஸ்ட் கடைசியிலிருந்து நவம்பர் வரை அட்லாண்டிக்கில் எழும் புயல்கள்தான் அந்த வாய்ப்பைத் தருகின்றன.

முதலில் தென்மேற்குக் காற்று பறவைகளை கார்ன்வாலைத் தாண்டி வடக்கே தள்ளிவிடும். பிறகு காற்று வடமேற்குக்குத் திரும்பினால், அவை கரையோரம் ஒதுங்கிவிடும். மறுபடி பெருங்கடலுக்குப் போக, செயின்ட் ஐவ்ஸ் ஊரின் முனையையும் பெண்டீன் கலங்கரை விளக்கத்தையும் ஒட்டித்தான் பறந்தாக வேண்டும். காற்றுக்கு மறைவாகச் சுவரோரம் உட்கார்ந்திருப்பவர்களுக்கு விருந்துதான்!

கடிதத்தை முந்திய பறவை

இங்கே அதிகம் தென்படுவது மாங்ஸ் ஷியர்வாட்டர். மேலே கறுப்பு, அடியில் வெள்ளை. இறக்கையை விறைப்பாக வைத்து, அலையை உரசியபடி சரிந்து சரிந்து போகும். குளிர்காலத்தைக் கழிக்க தென் அமெரிக்கா வரை பறக்கும்.

1952-ல் வேல்ஸின் ஸ்கோகோம் தீவிலிருந்து ஒரு மாங்ஸ் ஷியர்வாட்டரை விமானத்தில் கொண்டுபோய், அமெரிக்காவின் பாஸ்டனில் பறக்கவிட்டார்கள். பன்னிரண்டரை நாளில் அது தன் வளைக்கே திரும்பிவிட்டது. 'பறவையை விட்டுவிட்டோம்' என்று அங்கிருந்து போட்ட கடிதம் அதற்குப் பிறகுதான் வந்து சேர்ந்தது!

ஸ்டார்ம் பெட்ரல் இன்னும் ஆச்சர்யம். அதன் எடை சுமார் 25 கிராம், அதாவது மூன்று பத்து ரூபாய் நாணயங்களின் எடைதான். அதை வைத்துக்கொண்டு ஆளுயர அலைகளுக்கு நடுவே இரை தேடுகிறது.

எண்ணிக்கைதான் முக்கியம்

இது வெறும் பொழுதுபோக்கு அல்ல. எந்த இனம், எத்தனை, எந்தத் திசையில் என்று மணிக்கணக்கில் குறித்துக்கொள்கிறார்கள். அந்தக் குறிப்புகளுக்கு இப்போது மதிப்பு கூடியிருக்கிறது.

உலகிலுள்ள கிரேட் ஸ்குவா பறவைகளில் பாதிக்கும் மேல் இனப்பெருக்கம் செய்வது பிரிட்டனில்தான். 2021, 2022 ஆண்டுகளில் பறவைக்காய்ச்சல் அவற்றைக் கொத்துக் கொத்தாகக் கொன்றது. அதன்பின் கணக்கெடுத்த இடங்களில், முன்பு இருந்ததைவிட 76 சதவிகிதம் குறைந்திருந்தன. கேனட் பறவைகள் 25 சதவிகிதம் குறைந்தன. பிழைத்த கேனட்கள் சிலவற்றுக்கு வெளிர்நீலக் கண்கள் கறுப்பாகிவிட்டன. பேலியாரிக் ஷியர்வாட்டரோ மீன்பிடித் தூண்டில்களில் சிக்கி, அழிவின் விளிம்பில் நிற்கிறது.

விழுந்த குஞ்சுக்கு அட்டைப்பெட்டி

செப்டம்பர் மாதப் புயல் இரவுகளில், முதன்முறை பறக்கும் மாங்ஸ் குஞ்சுகள் தெருவிளக்கு வெளிச்சத்தில் குழம்பி, வேல்ஸின் கடலோர ஊர்களில் விழுந்துவிடும். கால்கள் உடலின் பின்பக்கம் இருப்பதால் சமதரையிலிருந்து எழும்புவது சிரமம். ஊர்மக்கள் அவற்றை அட்டைப்பெட்டியில் பத்திரமாக எடுத்துவைத்து, பிறகு கடலோரத்தில் விடுவதற்கு உதவுகிறார்கள்.

கவனிக்க வேண்டியவை

* பாறை விளிம்புக்குப் போகக் கூடாது. அலை எட்டாத உயரத்தில், முதுகுக்குச் சுவரோ பாறையோ இருக்கும்படி உட்கார வேண்டும்.
* டெலஸ்கோப்பை அலைந்து திருப்பாமல் ஓர் இடத்தில் நிறுத்தினால், பறவைகள் தாமாகக் குறுக்கே வரும்.
* நிறத்தைவிட, பறக்கும் விதத்தைப் பார்த்தால் இனம் சீக்கிரம் பிடிபடும்.

காலை முழுக்க நனைந்தும் ஒரு ஸ்குவாகூடத் தென்படாத நாள்கள் உண்டு. அன்றைக்கும் நோட்டை மூடிவிடுவதில்லை. 'கிரேட் ஸ்குவா - 0' என்று எழுதிவிட்டுத்தான் கிளம்புகிறார்கள்.