உலாவியின் உள்ளே ஓர் இயந்திரம்

கணிப்பொறியிலோ கைபேசியிலோ ஒரு பக்கத்தைத் திறக்கிறோம். எழுத்தும் படமும் தாமே வந்து அமர்ந்தன போலத் தோன்றுகின்றன. உண்மையில் நம்மிடம் வந்து சேர்வது பக்கமன்று. அதனை எவ்வாறு அமைத்தல் வேண்டும் என்னும் குறிப்பேயாகும். அக்குறிப்பைப் படித்து, இன்ன எழுத்து இன்ன இடத்தில், இன்ன படம் இன்ன அளவில் என்று கணக்கிட்டுத் திரையில் தீட்டித் தருவது உலாவியின் தொழில். ‘கொ’ என்னும் எழுத்தில் கொம்பு முன்னும் கால் பின்னும் நிற்பதுகூட இத்தொழிலில் அடங்கும். இதனைச் செய்யும் உட்பகுதியை உலாவியின் இயந்திரம் என்பர்.

உலாவிகள் பல உள்ளனவே, எதைக் குறித்துக் கவலை என்று நேயர்களுள் சிலர் கேட்கலாம். கடைகள் பல, ஆலைகள் மூன்றே. குரோம், எட்ஜ், ஓபெரா, பிரேவ் ஆகிய அனைத்திலும் இயங்குவது கூகுள் முன்னின்று வளர்க்கும் பிளிங்க் என்னும் இயந்திரம். ஆப்பிளின் சபாரியில் வெப்கிட்டும், மொசில்லாவின் பயர்பாக்ஸில் கெக்கோவும் உள்ளன. பெருவாரியான மக்கள் கையாளும் உலாவிகள் இம்மூன்றனுள் அடங்கிவிடும்.

ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வு நிலையத்தில் டிம் பெர்னர்ஸ் லீ முதல் உலாவியை எழுதியது 1990-ஆம் ஆண்டில். 1994-இல் நெட்ஸ்கேப் வந்தது. மறு ஆண்டே மைக்ரோசாப்ட் நிறுவனம் இன்டர்நெட் எக்ஸ்புளோரரை வெளியிட்டு, பின்னர் அதனைத் தன் விண்டோஸுடன் விலையின்றி இணைத்தது. போட்டி கடுமையாயிருந்த அந்நாட்களில் அந்நிறுவனம் சோம்பியிருக்கவில்லை. பக்கம் முழுவதையும் மீண்டும் வரவழையாமலே புதிய செய்தியை மட்டும் பெற்றுக்கொள்ளும் முறையை 1999-இல் அதுவே தன் உலாவியில் அளித்தது. இன்றைய இணைய அஞ்சலும் நிலப்படங்களும் அம்முறையின் வழிவந்தவை. நெட்ஸ்கேப் வீழ்ந்தது. 2001-இல் எக்ஸ்புளோரரின் ஆறாம் பதிப்பு வெளிவந்தது. ஏழாம் பதிப்பு எப்பொழுது வந்தது? 2006-இல். திறமை மிக்க பொறியாளர்களுக்கு அங்கே பஞ்சமில்லை. துரத்தி வருவோர்தாம் இல்லை. 2004-இல் பயர்பாக்ஸ் தோன்றிய பின்னரே அவ்வுறக்கம் கலைந்தது.

2008-இல் வந்த குரோம் மெய்யாகவே புதுமைகள் கொண்டது. ஒரு பக்கம் பழுதானால் ஏனைய பக்கங்களும் உடன் விழாதவாறு ஒவ்வொன்றையும் தனித்தனியே இயக்கியது. அதன் இயந்திரமோ ஆப்பிளின் வெப்கிட். வெப்கிட்டின் வேர் கேடிஈ என்னும் தன்னார்வலர் குழு எழுதிய நிரல். கூகுள் அதிலிருந்து பிரிந்து 2013-இல் பிளிங்கைத் தொடங்கியது. அவ்வாண்டே ஓபெரா தன் சொந்த இயந்திரத்தைக் கைவிட்டது. 2018-இல் மைக்ரோசாப்டும் அவ்வாறே செய்வதாக அறிவித்தது. அத்துணைப் பெரிய நிறுவனத்துக்கே தனி இயந்திரம் கட்டுப்படியாகவில்லை என்றால், சிறியோர் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை.

இயந்திரம் யார் கையில் உள்ளதோ அவர் வகுக்கும் விதி பிறர் உலாவிகளுக்கும் சென்று சேர்கிறது. உலாவியோடு இணைத்துக்கொள்ளும் துணைக்கருவிகளுக்கான பழைய விதிகளைக் கூகுள் 2024, 2025 ஆண்டுகளில் குரோமிலிருந்து விலக்கியது. காப்புக்காக என்பது அது கூறும் காரணம். ஆயினும் விளம்பரங்களைத் தடுக்கும் சில கருவிகள் இதனால் வலுவிழந்தன. கூகுளின் வருவாயில் பெரும்பகுதி விளம்பரத்தால் வருவது என்பதை இங்கே மறத்தற்கில்லை.

போட்டியாளரின் நிலை இன்னும் விந்தையானது. தன் தேடுபொறியைப் பிறருடைய உலாவிகளிலும் கைபேசிகளிலும் முதலிடத்தில் வைப்பதற்காகக் கூகுள் 2021-இல் மட்டும் 2,600 கோடி டாலருக்கு மேல் வழங்கியதாக அமெரிக்க நீதிமன்றத்தில் வெளியாயிற்று. மொசில்லாவின் வருவாயில் பெரும்பகுதி இவ்வழியே வருவது. கூகுள் தேடல் துறையில் சட்டத்துக்குப் புறம்பாக ஏகபோகத்தைக் காத்து வந்தது என 2024 ஆகஸ்டில் நீதிபதி அமித் மேத்தா தீர்ப்பளித்தார். குரோமை விற்கச் செய்யவேண்டும் என்று அரசு கோரியது. 2025 செப்டம்பரில் அவர் அதனை மறுத்தார். பிறரை விலக்கும் ஒப்பந்தங்களைத் தடுத்தார். பணம் வழங்குவதைத் தடுக்கவில்லை. தடுத்தால் அதனைப் பெறுவோரே பெரிதும் நலிவர் என்பது அவர் கருத்து. எதிரியின் பணத்தால் எதிர்த்து நிற்கும் இந்நிலை நெடுநாள் நீடிக்குமா என்பது ஐயமே.

பக்கத்தைத் தானே படித்துச் சுருக்கிக் கூறவும், படிவங்களை நமக்காக நிரப்பவும் வல்ல புதிய உலாவிகள் 2025-இல் வந்தன. பெர்ப்ளெக்சிட்டியின் காமெட், ஓப்பன் ஏஐயின் அட்லாஸ் என்பன அவை. நம் நாட்டில் மைய அரசு நடத்திய உலாவிப் போட்டியில், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சோகோவின் ‘உலா’ 2025 மார்ச்சில் முதற்பரிசாக ஒரு கோடி ரூபாய் பெற்றது. இம்மூன்றும் பிளிங்கின் மேல் எழுந்தவையே.

அடித்தளம் முதல் புதிய இயந்திரம் கட்ட முனைந்தோர் மிகச் சிலர். அவர்களுள் லேடிபேர்ட் என்னும் குழு நன்கொடையைக்கொண்டு நடைபெறுகிறது. தேடுபொறி நிறுவனங்களோடு முதலிட ஒப்பந்தம் செய்துகொள்வதில்லை என அறிவித்துள்ளது.