மறைகுறியாக்க மென்பொருளின் சோதனை தோல்வியடைவது ஏன்?

மாணவர்களே! திருகோணமலையின் சீனக்குடாவில் பிறீமா கோதுமை மா ஆலை உள்ளதை அறிவீர்கள். அங்கு அரைக்கப்படும் கோதுமை கப்பல்களில் வருகிறது. கப்பல் வராமல் ஆலை நின்றால், இயந்திரம் பழுது என்று கூறுவோமா? மென்பொருளைக் கட்டமைக்கும்போதும் இவ்வாறே சிந்திக்க வேண்டும்.

சார்பு என்றால் என்ன?

ஒரு மென்பொருளை அதன் மூலச் செய்நிரலிலிருந்து கட்டமைக்கத் தேவைப்படும் பிற மென்பொருள்கள் அதன் சார்புகள் எனப்படும்.

உதாரணமாக, மின்னஞ்சலை மறைகுறியாக்க உதவும் குனூபிஜி மென்பொருளை எடுத்துக்கொள்வோம். ஜேர்மனியரான வேர்ணர் கொக் உருவாக்கிய இதன் 1.0 பதிப்பு 1999இல் வெளியானது. இதன் இன்றைய பதிப்புகளுக்கு லிப்ஜிபிஜி-எரர், லிப்ஜிகிரிப்ட், லிப்அசுவான், லிப்கேஎஸ்பிஏ, என்பிடிஎச் ஆகிய ஐந்து நூலகங்கள் அவசியம். இவற்றுள் லிப்ஜிபிஜி-எரர் முதலில் நிறுவப்பட வேண்டும். அதனை அடுத்து வரும் மூன்றும் அதிலேயே தங்கியுள்ளன.

சார்பு இல்லாவிடின் நிகழ்வன

1. கட்டாய நூலகம் இல்லையெனில் கட்டமைப்பு தொடக்கத்திலேயே நின்றுவிடும்.
2. விருப்ப நூலகம் இல்லையெனில் அதற்குரிய வசதியின்றிக் கட்டமைப்பு முடிவடையும்.
3. சோதனைக்கு வேண்டிய செய்நிரல் இல்லையெனில் சோதனை தோல்வியடையும். மின்னஞ்சல் மென்பொருள்கள் குனூபிஜியை அழைக்கப் பயன்படும் ஜிபிஜிமீ நூலகம் இதற்கு உதாரணமாகும். கணினியில் குனூபிஜி இல்லாவிடின் அதன் சோதனைகள் சரிவர நடைபெறா.

பிழையைக் கண்டறியும் படிமுறை

1. திரையில் தோன்றும் பிழைகளுள் முதலாவதை வாசிக்க. பின்வருவன பெரும்பாலும் அதன் விளைவுகளே.
2. அதிற் குறிப்பிடப்பட்ட நூலகத்தின் பெயரையும் வேண்டிய பதிப்பையும் குறித்துக்கொள்க.
3. டெபியன், உபுண்டு முறைமைகளில் "டெவ்" என முடியும் பெயருடைய பொதியை நிறுவுக. தொகுப்பானுக்கு வேண்டிய தலைப்புக் கோப்புகள் அதிலேயே இருக்கும்.
4. கட்டமைப்பை முதலிலிருந்து செய்து, சோதனையை மீண்டும் இயக்குக.

சோதனையைத் தவிர்க்கலாமா?

கூடாது. 2006இல் டெபியனில், நினைவகத்தைப் பரிசோதிக்கும் கருவி தந்த எச்சரிக்கையை நிறுத்துவதற்காக ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தின் சில வரிகள் நீக்கப்பட்டன. அதனால் எழுமாற்று எண்களை உருவாக்கும் பகுதி பலவீனமடைந்தது. ஒவ்வொரு வகைத் திறவியிலும் சுமார் 32,000 திறவிகளே உருவாகக்கூடிய நிலை ஏற்பட்டது. கணினியொன்று அவை அனைத்தையும் விரைவில் முயன்று பார்த்துவிடும். இக்குறைபாடு 2008 மே மாதத்திலேயே வெளிவந்தது. அதுவரை மென்பொருள் வழமைபோல இயங்கியதால் பயனர் எவரும் ஐயுறவில்லை. கடிதம் பூட்டப்பட்டதுபோலத் தோன்றுவது வேறு, உண்மையிற் பூட்டப்பட்டிருப்பது வேறு. இவ்வேறுபாட்டை அறியச் சோதனை அவசியம்.

மாதிரி வினா

லிப்ஜிகிரிப்ட் கணினியில் உள்ளது. எனினும் அது இல்லையெனக் கூறிக் குனூபிஜியின் கட்டமைப்பு நின்றது. இதற்கான காரணங்கள் இரண்டு தருக.

விடை: (அ) இயக்குவதற்கான பொதி மட்டும் நிறுவப்பட்டு, "டெவ்" பொதி நிறுவப்படாமை. (ஆ) நிறுவப்பட்ட பதிப்பு, வேண்டிய பதிப்பிலும் பழையதாக இருத்தல்.

நினைவிற் கொள்க: சோதனை தோல்வியடைந்தால் மறைகுறியாக்கம் பிழை என உடனே முடிவு செய்யாதீர்கள், சோதனையை நீக்கவும் செய்யாதீர்கள். முதலில் இல்லாத சார்பைத் தேடுங்கள்.